ரஷ் எங்கே கிடைக்கும், உதடு ஏன் ஒட்டவில்லை? எடிட்டிங் கேள்வி–பதில்

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் வெட்டிப் பழக ரஷ் (படப்பிடிப்பில் எடுத்தபடியே இருக்கும், வெட்டாத காட்சிகள்) இல்லை. ஊர்த் திருவிழாவைச் செல்போனில் எடுத்து அதையே திரும்பத் திரும்ப வெட்டுகிறேன். நடிகர்கள் பேசி நடித்த காட்சியின் அசல் ரஷ் இணையத்தில் கிடைக்குமா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: கிடைக்கும். ஆனால் ‘ஃப்ரீ ஸ்டாக் ஃபுட்டேஜ்’ என்று தேடினால் கிடைக்காது. பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே தளங்களில் இருப்பவை உதிரி ஷாட்கள்: காபி ஆற்றும் கை, ட்ரோனில் ஒரு கடற்கரை. அவற்றை வைத்து மான்டேஜ் பழகலாம். ஒரே வசனத்தை ஒருவர் நான்கு டேக்கில் நான்கு விதமாகச் சொல்லியிருக்க, எந்த டேக்கில் எந்த வரியை எடுப்பது என்ற முடிவை அங்கே பழக முடியாது. எடிட்டருக்குச் சம்பளமே அந்த முடிவுக்குத்தான்.

முதலில் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ரிசால்வ் பயிற்சிப் பக்கத்துக்குப் போங்கள். எடிட்டிங், கலர், ஃபேர்லைட் ஒலி, ஃப்யூஷன் என்று தனித்தனிப் பயிற்சி நூல்கள் பி.டி.எஃப். வடிவில் இலவசமாக இருக்கின்றன. நூலைவிட முக்கியம், பக்கத்திலேயே இருக்கும் பாடக் காட்சிகள். அவையும் இலவசம். பாடத்தை முடித்தபின் பாடம் சொன்னபடி இல்லாமல் அதே காட்சியை உங்கள் இஷ்டத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். அப்போதுதான் நூலை எழுதியவர் ஏன் அந்த இடத்தில் வெட்டினார் என்று புரியும்.

பணம் கொடுக்க முடியுமானால் எடிட்ஸ்டாக். எடிட்டிங் பழகுவோருக்காகவே நடக்கும் தளம் இது. ஒரு காட்சியின் எல்லா டேக்குகளும் ஸ்கிரிப்டோடு வரும். வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து வாங்க நினைத்தால் அதன் உரிமத்தில் அது செல்லுமா என்று முதலில் படியுங்கள்.

கிரீன் மேட் (பச்சைத் திரைமுன் எடுத்துப் பின்னணியை மாற்றுவது), வி.எஃப்.எக்ஸ். பக்கம் ஆர்வம் இருந்தால் பிளெண்டர் அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படம் இருக்கிறது. முடிந்த படத்தோடு கேமராவில் எடுத்த மூலக் காட்சிகளையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அவை 4கே அளவில், ஃப்ரேமுக்கு ஒரு ஃபைலாக இருக்கும் இ.எக்ஸ்.ஆர். வரிசைகள். 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் நேரடியாகப் போட்டால் இரண்டாவது ஷாட்டிலேயே மூச்சு வாங்கும். ஒரே ஒரு ஷாட்டை இறக்கி, புராக்ஸி (வெட்டுவதற்கான எடை குறைந்த நகல்) செய்து வேலை பாருங்கள்.

கலர் மட்டும் பழக, ஆரி நிறுவனத் தளத்தில் அவர்கள் கேமராக்களின் லாக் (பிறகு நிறம் ஏற்றுவதற்காக வெளிறினாற்போல் பதியும் முறை) மாதிரிக் காட்சிகள் உண்டு. நெட்ஃப்ளிக்ஸின் ஓப்பன் கன்டென்ட் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் முடிந்த படங்கள். எச்.டி.ஆர். பார்க்கவும் என்கோடிங் சோதிக்கவும் உதவும், வெட்டிப் பழக உதவாது.

பழைய காட்சிகளைக் கோத்து ஆவணப்படம் செய்யும் ஆசை இருந்தால் ஆர்க்கைவ் டாட் ஆர்கில் உள்ள பிரிலிங்கர் தொகுப்பு ஒரு சுரங்கம். அமெரிக்கக் கல்விப் படங்களும் விளம்பரப் படங்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இறக்கும்போது அந்தப் பக்கத்தின் பெரிய அசல் ஃபைலை எடுங்கள். கையடக்க எம்.பி.4 இரண்டாம் சுருக்கம், இருட்டான பகுதியெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அசலில் அசைவு வரும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் பயப்படாதீர்கள், அது இன்டர்லேஸ், ஃப்ரேமை ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாக இரண்டு பாதியாகப் பதியும் பழைய டிவி முறை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் ஃபில்டர்ஸ் பகுதிக்குப் போய் முதலில் டீடெலிசைன் (ஃபிலிமை டிவிக்கு மாற்றியபோது கலந்ததைப் பிரிப்பது) போட்டு அரை நிமிடம் சோதியுங்கள். கோடு போகாவிட்டால் டீஇன்டர்லேஸ்.

ரஷ் கையில் வந்ததும் ஒரு பயிற்சி. இரண்டு நிமிட உரையாடல் காட்சி போதும். எல்லா டேக்கையும் ஒருமுறை, கை வைக்காமல் பாருங்கள். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பிடித்த டேக் எண்ணை எழுதுங்கள். பிறகு இசை இல்லாமல் வெட்டுங்கள். முதல் வெட்டில் எல்லோருக்கும் வரும் குறை, பேசுகிறவர் முகத்தையே மாறி மாறிக் காட்டுவது. டேபிள் டென்னிஸ் பார்ப்பது போல இருக்கும். அடுத்த வெட்டில், குறைந்தது மூன்று இடத்திலாவது வசனம் ஒருவருடையதாகவும் முகம் கேட்பவருடையதாகவும் இருக்கட்டும். ஒலியைப் படத்துக்கு 6 முதல் 10 ஃப்ரேம் முன்னால் நுழைத்தால் ஜே கட், பின்னால் நீட்டினால் எல் கட். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வசனம் கேட்காமலே யாருக்கு யார் மேல் கோபம் என்று தெரிந்தால் வெட்டு தேறிவிட்டது.


கேள்வி: செல்போனில் பேட்டி எடுக்கிறோம், ஒலி தனி ரெக்கார்டரில். தொடக்கத்தில் கைதட்டி ஒத்திசைத்துவிடுகிறோம். பத்து நிமிடம் போனால் உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். ரெக்கார்டர் கோளாறா?
– யூடியூப் சேனல் நடத்துபவர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் ரெக்கார்டர் நிரபராதி. எப்படி விலகுகிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒரே அளவு விலகல் என்றால் அது ஒத்திசைத்ததில் வந்த பிழை. இழுத்துச் சரிசெய்தால் முடிந்தது. பத்து நிமிடத்துக்குச் சரியாக 0.6 நொடி என்று சீராக வளர்ந்தால் நொடிக்கு 24 ஃப்ரேமுக்கும் 23.976 ஃப்ரேமுக்கும் நடக்கும் சண்டை. ஒன்று கிளிப்பின் வேகம், மற்றது டைம்லைனின் வேகம். குரலே கீச்சென்று மாறி, பத்து நிமிட ஒலி ஏறக்குறைய 9 நிமிடம் 11 நொடியில் முடிந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை எங்கோ 48 என்று படிக்கிறது.

உங்களுடையது இது மூன்றும் இல்லை என்றே தோன்றுகிறது. ஓரிடத்தில் விலகி, இன்னோரிடத்தில் விலகல் கூடிக் குறைகிறதா? அப்படியானால் வேரியபிள் ஃப்ரேம் ரேட். வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ கேமரா நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்காமல் 24, 27 என்று இறங்கிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ‘என்னை இந்த நேரத்தில் காட்டு’ என்று ஒரு குறிப்பை ஃபைலில் எழுதிவைக்கும். போனில் பார்க்கும்போது பிளேயர் அந்தக் குறிப்பை மதிக்கிறது, அதனால் எல்லாம் சரியாகத் தெரியும். எடிட்டிங் டைம்லைனோ நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று எண்ணி அடுக்கும் இடம். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

உறுதிசெய்ய மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கிளிப்பைத் திறங்கள். வியூவில் ‘டெக்ஸ்ட்’ தேர்ந்தால் வீடியோ பகுதியில் ‘ஃப்ரேம் ரேட் மோட்’ என்ற வரி இருக்கும். எதிரே ‘வேரியபிள்’ என்று இருந்து, கீழே குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு வேறு எண்கள் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்.

மருந்து: ஹேண்ட்பிரேக்கில் கிளிப்பைப் போடுங்கள். வீடியோ டேப்பில் ஃப்ரேம்ரேட் இடத்தில் ‘சேம் அஸ் சோர்ஸ்’ வேண்டாம், 30 என்று எண்ணைத் தேர்ந்து, பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ குறியிடுங்கள். போனில் 30-இல் எடுத்ததை இங்கே 25 ஆக்காதீர்கள். நொடிக்கு ஐந்து ஃப்ரேம் கழிந்து, கேமரா நகரும் இடமெல்லாம் விக்கும். தர அளவான ஆர்.எஃப். 16-க்கும் 18-க்கும் நடுவில், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். கணினி மெதுவானது என்றால் ஷட்டர் என்கோடர் என்ற மென்பொருளில் புரோரெஸ் (எடிட்டிங்குக்கு ஏற்ற வீடியோ வடிவம்) புராக்ஸியாக மாற்றலாம். அதுவும் இலவசம். முழு எச்.டி., நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 17 ஜி.பி. அளவுக்கு இடம் பிடிக்கும், ஆனால் டைம்லைன் வெண்ணெயாக ஓடும்.

மாற்றும் வேலையை வெட்டத் தொடங்கும் முன் செய்ய வேண்டும். பாதி வெட்டியபின் ஃபைலை மாற்றி ரீலிங்க் (புது ஃபைலோடு மறுபடி இணைப்பது) செய்தால் ஒவ்வொரு வெட்டும் சில ஃப்ரேம் நகர்ந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

அடுத்த முறை எடுக்கும்போது பிளாக்மேஜிக் கேமரா செயலியில் எடுங்கள். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் இலவசம். ஃப்ரேம் ரேட் 25, ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று பூட்டிவிடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்கலும் அதோடு போகும். போனிலிருந்து கணினிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பவே அனுப்பாதீர்கள். அது மறுபடி சுருக்கும். கேபிளில் எடுங்கள், முடியாவிட்டால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.


கேள்வி: டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறது. ‘கோ’ என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. பாமினி ஃபான்ட் போட்டால் மட்டும் சரியாக வருகிறது. அதிலேயே தொடரலாமா?
– திருமண வீடியோ எடிட்டர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் மணமக்கள் பெயர் கிறுக்கலாகிவிடும். தேடவும் முடியாது, சப்டைட்டிலாக எடுக்கவும் முடியாது. உடைவதற்குக் காரணம் யூனிகோட் ஃபான்ட் இல்லை, அதை அடுக்கும் எஞ்சின். யூனிகோடில் ‘கோ’ என்பது க, அதன் பின்னே ஓகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய், காலை வலப்பக்கம் நிறுத்துவது எஞ்சினின் வேலை. அது தெரியாத எஞ்சின் வந்த வரிசையிலேயே நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தையும் காட்டும்.

பிரீமியர் புரோவில் பிரிஃபரன்ஸ் போய், கிராஃபிக்ஸ் பகுதியில் ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்ற எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உடைந்து நிற்கும் லேயரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு ஒட்டுங்கள். பழையதையே பார்த்துக்கொண்டு ‘மாறவில்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். எந்த மென்பொருளானாலும் இந்த ஒரு வரியை அடித்துச் சோதியுங்கள்: ‘சௌக்கியமா ஸ்ரீதேவி, கோவில் தேர் போனதே!’ இதில் உடையக்கூடியவை ஏறக்குறைய எல்லாம் இருக்கின்றன.

எதுவும் சரிவராவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் டைட்டிலை அமைத்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி.யாக எடுத்து டைம்லைனில் வையுங்கள். அதில் தமிழ் உடையாது. 4கே வேலை என்றால் 3840 பிக்சல் அகலத்தில் எடுங்கள். சின்னதாக எடுத்துப் பெரிதாக்கினால் ‘ஞ’வின் சுழி மங்கும்.

ஃபான்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எதற்கும் பொருந்தும், சப்டைட்டிலுக்கு அதுவே போதும். முக்த மலர், கேட்டமரான் இரண்டும் செய்தித்தன்மை உள்ளவை. திருமணத்துக்குக் கொஞ்சம் கொழுகொழுவென வேண்டும் என்றால் பலூ தம்பி, கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார். இவையெல்லாம் திறந்த உரிமம், வணிக வேலைக்கும் தடையில்லை.

சப்டைட்டில் ஃபைல் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யு.டி.எஃப்.-8 ஆக இருக்க வேண்டும். ஏ.என்.எஸ்.ஐ. என்று விட்டால் மறுமுறை திறக்கும்போது வரி முழுக்கக் கேள்விக்குறி. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் செய்தால் நேரமும் மிச்சம். அளவுக்கு நெட்ஃப்ளிக்ஸ் பொதுவில் வைத்திருக்கும் வழிகாட்டியைப் பின்பற்றலாம், தமிழுக்குத் தனியாகவே ஒன்று இருக்கிறது. அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு சப்டைட்டில் 7 நொடியைத் தாண்டக் கூடாது, 24 ஃப்ரேம் படத்தில் 20 ஃப்ரேமுக்குக் குறையவும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 ஃப்ரேம் இடைவெளி.


கேள்வி: குறும்படத்துக்கு இலவசமாக ஒலிகள் எங்கே எடுக்கலாம்? ஒரு காட்சியில் ரேடியோவில் பழைய படப் பாட்டு ஒன்று ஒலிக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேல் பழையது என்றால் காப்புரிமை கிடையாதாமே?
– உதவி இயக்குநர், சென்னை

பதில்: ஒலிக்கு ஃப்ரீசவுண்ட் தளம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழு 2005-இல் தொடங்கியது. கணக்கு திறந்தால்தான் அசல் ஃபைல் இறங்கும். தேடல் பக்கத்தில் உரிமத்தை வடிகட்டலாம். ‘சி.சி. ஜீரோ’ (உரிமையை முழுதாக விட்டுக்கொடுத்தது) என்றால் கேள்வியே இல்லை. ‘அட்ரிபியூஷன்’ என்றால் டைட்டில் கார்டில் பெயர் போட வேண்டும். ‘நான்கமர்ஷியல்’ என்றால், யூடியூபில் விளம்பர வருமானம் வந்தாலே அது வணிகம், தொடாதீர்கள். பி.பி.சி.யின் ஒலிக் காப்பகத்தில் 33,000-க்கு மேல் இருக்கின்றன, கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் இலவசம் என்பது சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும். கல்லூரிப் பயிற்சியில் போட்டதை அப்படியே ஓ.டி.டி.க்கு விற்க முடியாது. ஒரு நடைமுறைக் குறை: இந்தத் தளங்களில் கிடைக்கும் தெருச் சத்தம் பெரும்பாலும் ஐரோப்பியத் தெரு. ஆட்டோ ஹாரன் இல்லாத மயிலாப்பூரைக் கேட்பவர் காது உடனே கண்டுபிடித்துவிடும். சூழல் ஒலியை மட்டும் லொக்கேஷனிலேயே இரண்டு நிமிடம் பதிந்துவிடுங்கள்.

இசைக்கு யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியில் ‘அட்ரிபியூஷன் தேவையில்லை’ என்று வடிகட்டி எடுங்கள். எங்கிருந்து எடுத்தாலும், எடுத்த அன்றே உரிமப் பக்கத்தை பி.டி.எஃப்.பாகச் சேமித்து, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போடுங்கள். தளங்கள் உரிமத்தை மாற்றும். பிக்ஸாபே முன்பு சி.சி. ஜீரோவில் இருந்தது, 2019-இல் தன் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டது. நாளை கன்டென்ட் ஐ.டி. (காப்புரிமை உள்ளதைத் தானே கண்டுபிடிக்கும் யூடியூப் அமைப்பு) கிளெய்ம் வந்தால் மறுப்புத் தெரிவிக்க அந்த பி.டி.எஃப்.தான் சாட்சி. மறுத்தால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். கிளெய்ம் வேறு, சேனலுக்கே தண்டனையாக வரும் ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் வந்ததற்காகப் பதறிப்போய் வீடியோவை அழிக்க வேண்டியதில்லை.

பழைய பாட்டு விஷயம் பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1964-இல் வந்த படத்தின் உரிமை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஆனால் பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவர், இசையமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் எழுதிய பாட்டு எந்தப் பழைய படத்தில் வந்திருந்தாலும் வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. பாரதி பாட்டென்றால் வரிகள் நாட்டுடைமை, ஆனால் அதைப் பின்னாளில் ஒருவர் பாடிப் பதிந்த ரெக்கார்டு அப்படியல்ல. ரேடியோவில் பாட்டு ‘தற்செயலாக’ ஒலிக்கிறது என்பதும் செல்லாது, நீங்கள்தானே டைம்லைனில் வைக்கிறீர்கள். பாரதி வரியைத் தெரிந்த பாடகரை வைத்துப் புது மெட்டில் பாடவைத்து, ஈக்யூவில் (ஒலி அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் ரேடியோப் பாட்டு தயார்.


கேள்வி: ‘500 சினிமாட்டிக் லட்’, ‘புரோ பிளக்இன் பண்டில்’ என்று டெலிகிராமில் இலவசமாகத் தருகிறார்களே, எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: லட் (நிறங்களை மாற்றும் அட்டவணை) ஃபைல் வெறும் எண்கள், வைரஸ் பயம் அதில் குறைவு. ஆனால் எந்த லாக்குக்குச் செய்தது என்று தெரியாத லட்டைப் போட்டால் முகம் ஆரஞ்சாகும். உங்கள் கேமரா நிறுவனத்தின் தளத்திலேயே அதன் லாக்குக்குரிய லட் இலவசமாக இருக்கும், அதை எடுங்கள். பிளக்இன் கிராக்கைத் தொடவே வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய் என்று எழுதியிருக்கும்போதே புரிந்திருக்க வேண்டும். ரிசால்வின் இலவசப் பதிப்பே 3840-க்கு 2160 அளவில் நொடிக்கு 60 ஃப்ரேம் வரை தருகிறது. லினக்ஸில் மட்டும் இலவசப் பதிப்பு எச்.264-ஐத் திறக்காது, முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.


கேள்வி: இயக்குநர் டொராண்டோவில், நான் கோவையில். வெட்டியதை அனுப்பினால் ‘அந்த அழுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்’ என்று வாய்ஸ் மெசேஜ் வருகிறது.
– எடிட்டர், கோவை

பதில்: அவர்மேல் குற்றமில்லை, சுட்டிக்காட்ட எண் கொடுக்கவில்லை. ரிசால்வில் வொர்க்ஸ்பேஸ் மெனுவில் ‘டேட்டா பர்ன்இன்’ திறந்து டைம்கோடை (ஃப்ரேம்வரை காட்டும் நேர எண்) படத்தின் மேலேயே பதித்து அனுப்புங்கள். ஓரத்தில் வெட்டுப் பதிப்பு எண்ணும் தேதியும் வரட்டும். ஃப்ரேம்.ஐ.ஓ. தளத்தில் போட்டால் அந்த ஃப்ரேமிலேயே அவர் குறிப்பு எழுதலாம். இலவசக் கணக்கில் இடம் குறைவு, பழைய பதிப்பை அழித்துக்கொண்டே இருங்கள்.


கேள்வி: விழாவில் டி.சி.பி. (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் படப் பொதி) கேட்கிறார்கள். 20 நிமிடப் படம், நொடிக்கு 25 ஃப்ரேம், 1920-க்கு 1080. வீட்டிலேயே செய்ய முடியுமா?
– குறும்பட இயக்குநர், புதுச்சேரி

பதில்: முடியும். டி.சி.பி.ஓமேட்டிக், திறந்த மூல மென்பொருள். வெட்டிய படத்தைப் புரோரெஸ் 422 எச்.க்யூ.வில் எடுத்து உள்ளே போடுங்கள். எச்.264 கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் பெரிய திரையில் இருட்டுக் காட்சிகள் பல்லிளிக்கும். வடிவம் ஃப்ளாட், 2கே என்று வையுங்கள். அது 1998-க்கு 1080 என்பதால் இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்புப் பட்டை வரும். அதை மறைக்கப் படத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், திரையரங்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஃப்ரேம் ரேட் 24 பாதுகாப்பானது, எல்லா திரையரங்க சர்வரும் ஏற்கும். உங்கள் 25 ஃப்ரேம் படம் அதில் மெதுவாக ஓடி 20 நிமிடம் 50 நொடி ஆகும், ஒலியையும் அதற்கேற்ப நீட்டும். விழாப் படிவத்தில் இந்த நீளத்தை எழுதுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் போதும், உச்ச வரம்பு 250. 100-இல் ஏறக்குறைய 16 ஜி.பி. ஆகும்.

ஒலி வெறும் ஸ்டீரியோ என்றால் ஓரச் சீட்டில் உட்கார்ந்தவருக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வரும். ஆடியோ பகுதியில் மிட்–சைட் டிகோடரைப் போட்டால் இரு பக்கமும் பொதுவானது நடு ஸ்பீக்கருக்குப் போகும். 5.1 மிக்ஸுக்கு ஈடில்லை, ஆனால் வசனம் திரையிலிருந்து வரும்.

என்கிரிப்ட் செய்யும் குறியை எடுத்துவிடுங்கள். போட்டால் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி கே.டி.எம். சாவி அனுப்ப வேண்டும், சாவி செல்லும் நேரம் ஒரு மணி தவறினாலும் படம் ஓடாது. ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருந்தால் பல சர்வர்கள் படிக்காது. மென்பொருளோடு வரும் டிஸ்க் ரைட்டரே லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்து எழுதித் தரும், டிஸ்க்கில் வேறு எதுவும் இருந்தால் அழிந்துவிடும். ஃபோல்டருக்குள் இருக்கும் நீளநீளமான ஃபைல் பெயர்கள் அசிங்கமாக இருக்கிறதென்று ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். ஒன்று இன்னொன்றைப் பெயர் சொல்லித் தேடும், காணாவிட்டால் சர்வர் ஏற்க மறுக்கும். திரையிடலுக்கு முதல் நாளே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், நடுவில் ஓரிடம், கடைசி டைட்டில் என்று மூன்று இடத்தில் உதடும் ஒலியும் ஒட்டுகிறதா பாருங்கள்.